பினாமிக்குத் துப்பாக்கி விற்றதாகக் கடைக்காரர் மேல் வழக்கு: படிவம் சரியாக இருந்தால் போதாதா?

தேன்கனிக்கோட்டை எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்.

உரிமம் வைத்துக் கடை நடத்தும் துப்பாக்கி வியாபாரிகள் மேல் 'ஸ்ட்ரா பர்ச்சேஸ்' குற்றச்சாட்டு வருவதை அவ்வப்போது செய்தியில் படிக்கிறேன். நான் புரிந்துகொண்டவரை, துப்பாக்கி வாங்கத் தகுதி இல்லாத ஒருவனுக்காகத் தகுதி உள்ள இன்னொருவன் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பதுதான் அது. நம் ஊரில் நிலத்தைப் பினாமி பெயரில் பதிவு செய்வது போல.

பொய் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவன் வாங்க வந்தவன். அரசாங்கக் கணினியும் 'விற்கலாம்' என்று சொல்லிவிடுகிறது. கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கிறார். அப்புறம் அவர் மேல் எப்படி வழக்கு வரும்? பொய் சொன்னவன்தானே உள்ளே போக வேண்டும்?

பாலைவனத்தான் எழுதியது:

நான் பீனிக்ஸ் பக்கம் பதினான்கு வருடமாக இருக்கிறேன். குடியுரிமை கிடைத்த பிறகு இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினேன். சனிக்கிழமைகளில் சுடுகளத்துக்குப் போவேன். வாங்கும்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அதில் பாதி பதில் இருக்கிறது.

எது வேண்டும் என்று சொன்னதும் 4473 என்ற படிவத்தைக் கொடுப்பார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எழுதிய பிறகு ஆம் / இல்லை கேள்விகள் வரிசையாக வரும். அதில் முதல் கேள்வியே, 'இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்பதுதான். வேறொருவருக்காக வாங்கினால் நீங்கள் உண்மையான வாங்குபவர் இல்லை, கடைக்காரர் உங்களிடம் அதைக் கொடுக்க முடியாது என்று கூடவே தடித்த எழுத்தில் எச்சரிக்கை இருக்கும். மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்: பெரிய குற்றத்தில் தண்டனை உண்டா, போதைப் பழக்கம் உண்டா, குடும்ப வன்முறை வழக்கு உண்டா, இந்த மாதிரி.

கையெழுத்துப் போட்டதும் கடைக்காரர், வாங்குபவர் பேரில் தடை உண்டா என்று பார்க்க எஃப்பிஐ நடத்தும் 'நிக்ஸ்' அமைப்பைக் கேட்பார். 1998 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. விற்கலாம், பொறுங்கள், கூடாது என்று மூன்றில் ஒரு பதில் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நிக்ஸுக்குத் தெரிவது படிவத்தில் பெயர் எழுதியவரை மட்டும். அவர் பக்கத்தில் யார் நிற்கிறார், காசு யாருடைய சட்டைப் பையிலிருந்து வந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற கடைக்காரர்தான்.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் எல்லாருமே இதில் கறாராக இருப்பவர்கள். சந்தேகம் வந்தால் 'விற்க மாட்டேன்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். சிலர் செய்வதை வைத்து எல்லாரையும் திட்ட வேண்டாம்.

மீனா மில்வாக்கி எழுதியது:

நான் இருக்கும் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கு நடந்த நாட்களில் தினமும் பேப்பரில் படித்தேன். இன்னும் மறக்கவில்லை.

மில்வாக்கியை ஒட்டி வெஸ்ட் மில்வாக்கி என்று ஒரு சின்ன ஊர். அங்கே பேட்ஜர் கன்ஸ் என்று ஒரு கடை இருந்தது. 2009 மே மாதம் இரண்டு பையன்கள் சேர்ந்து உள்ளே வந்தார்கள். ஒருவனுக்கு 18 வயது, இன்னொருவனுக்கு 21. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 ஆகியிருக்க வேண்டும். டாரஸ் கம்பெனியின் 40 காலிபர் துப்பாக்கி ஒன்றைக் கைகாட்டி 'இதுதான் வேண்டும்' என்றது 18 வயதுப் பையன். படிவத்தை நிரப்பியது 21 வயதுப் பையன். இந்த வேலைக்கு அவனுக்குக் கிடைத்த கூலி 40 டாலர்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்விக்கு அவன் முதலில் 'இல்லை' என்றே குறித்துவிட்டான். ஒரு நிமிடம் இதை யோசித்துப் பாருங்கள். பொய் சொல்ல வந்தவன் தடுமாறி உண்மையையே எழுதிவிட்டான். விற்பனையாளர் அந்த இடத்திலேயே படிவத்தை மூடி வைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அந்தப் பதிலைத் திருத்த வைத்து விற்பனையை முடித்தார்கள். கடையின் கேமராப் பதிவை நடுவர் குழு நீதிமன்றத்தில் பார்த்தது.

ஒரு மாதம் கழித்து, ஜூன் மாதத்தில், நடைபாதையில் சைக்கிள் ஓட்டினான் என்று அந்த 18 வயதுப் பையனை இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். அவன் இந்தத் துப்பாக்கியால் இரண்டு பேரையும் முகத்தில் சுட்டான். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு ஒரு கண் போய்விட்டது, மூளையிலும் பாதிப்பு, வேலையை விட வேண்டியதாயிற்று. மற்றவர் பல அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். சுட்டவனுக்கு 80 வருடம் சிறை. வாங்கிக் கொடுத்தவனுக்கு 2 வருடம்.

காயம்பட்ட இருவரும் கடையின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்கள். 2015 அக்டோபரில் நடுவர் குழு கிட்டத்தட்ட 60 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டுக்குப் போகாமல் டிசம்பரில் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

தேன்கனிக்கோட்டை சார், 'கணினி சரி என்றது' என்று எழுதியிருந்தீர்கள். இங்கேயும் வாங்கியவன் பேரில் தடை எதுவும் இல்லை, அதனால்தான் விற்பனை நடந்தது. மேசையில் கிடந்த காகிதம் என்ன சொன்னது?

நெல்லைப் பொடியன் எழுதியது:

'இல்லை' என்று எழுதியதைத் திருத்த வைத்தார்களா! இதைப் படித்த பிறகு எனக்கு வேறு விவாதமே தேவைப்படவில்லை.

பாலைவனத்தான் எழுதியது:

மீனா சொன்ன வழக்கில் கடையின் பக்கம் நின்று பேச என்னால் முடியாது. கடையின் வக்கீல், விற்பனையாளரைப் பையன்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று வாதாடினார். நடுவர் குழு ஏற்கவில்லை. சரி.

ஆனால் எங்கள் ஊர்க் கதையையும் கேளுங்கள். 2009-லிருந்து 2011 வரை இங்கே ஏடிஎஃப், அதாவது துப்பாக்கி வியாபாரத்தைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு, 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' என்ற பெயரில் ஒரு நடவடிக்கை நடத்தியது. கட்டுக் கட்டாக ரொக்கத்தோடு வந்து ஒரே மாதிரி ரைஃபிள்களை வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றிச் சில கடைக்காரர்கள் தாங்களாகவே ஏடிஎஃப்-க்குத் தகவல் கொடுத்தார்கள். வந்த பதில், விற்பனையைத் தொடருங்கள் என்பது. சில்லறை ஆட்களைப் பிடிப்பதை விட மெக்சிகோ கும்பலின் தலையைப் பிடிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. சுமார் 2000 துப்பாக்கிகள் அப்படிப் போயின. பலவற்றின் தடமே தெரியவில்லை. 2010 டிசம்பரில் எல்லைக் காவல் அதிகாரி பிரையன் டெர்ரி கொல்லப்பட்ட இடத்தில் கிடந்த இரண்டு ரைஃபிள்கள், இந்த நடவடிக்கையில் கண்காணிப்பில் இருந்த ஒருவன் கிளெண்டேல் ஊர்க் கடையில் வாங்கியவை.

அந்தக் கடைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒழுங்காகத் தகவல் சொன்னார்கள், அரசாங்கமே விற்கச் சொன்னது, கடைசியில் ஊரெல்லாம் அவர்கள் பெயர். அதனால்தான் ஒரு கடையின் பெயர் செய்தியில் வந்தவுடனே குற்றவாளி என்று எழுதாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. 'குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகளில் இத்தனை இந்தக் கடையில் விற்றவை' என்று ஒரு எண்ணிக்கையைப் போடுவார்கள். நகரத்துக்குப் பக்கத்தில் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் விற்கும் கடைக்கும், கிராமத்தில் ஐம்பது விற்கும் கடைக்கும் அந்த எண்ணிக்கை ஒன்றாக இருக்குமா?

மீனா மில்வாக்கி எழுதியது:

அண்ணா, ஏடிஎஃப் செய்தது பெரிய தப்புதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எண்ணிக்கை விஷயத்தில் மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன். 2000-ஆம் ஆண்டு ஏடிஎஃப் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருந்தது. குற்றத்தில் பிடிபட்டுத் தடம் தேடப்பட்ட துப்பாக்கிகளில் 57 சதவீதம், 1.2 சதவீதக் கடைகளிலிருந்து வந்தவை. விற்பனை அதிகம் என்பதால் கொஞ்சம் கூடும், சரி. எல்லாவற்றையும் அந்த ஒரு காரணத்தில் போட்டுவிட முடியாது. விற்றதற்கும் குற்றத்தில் பிடிபட்டதற்கும் நடுவே எத்தனை நாள் என்று பார்ப்பார்கள். சில வருடங்கள் கழித்துப் பிடிபட்டால் அது திருட்டுப் போயிருக்கலாம், பலர் கை மாறியிருக்கலாம். ஒரே மாதத்தில் பிடிபட்டால்?

எங்கள் ஊர்க் கடை முன்பு பேட்ஜர் அவுட்டோர்ஸ் என்ற பெயரில் இருந்தபோது, 2005-இல் மட்டும் குற்றங்களில் பிடிபட்ட 537 துப்பாக்கிகள் அதன் கணக்கில் வந்தன. நாட்டிலேயே அதுதான் முதல் இடம். ஒரு கடைக்காரருக்குத் தன் கடையிலிருந்து போன பொருள் போலீஸிடம் மாட்டுகிறது என்பது தெரியாமல் இருக்காது. ஒவ்வொரு முறையும் தடம் தேடும்போது வெஸ்ட் வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் இருக்கும் மையத்திலிருந்து அவருக்குக் கேள்வி வரும்: இந்த எண்ணுள்ள துப்பாக்கியை யாருக்கு விற்றீர்கள்? 1986 சட்டப்படி விற்பனைப் பதிவுகளை வைத்து மத்திய அரசு ஒரு பொதுப் பட்டியல் தயாரிக்கக் கூடாது. அதனால் கடையின் பதிவேட்டைக் கேட்டால்தான் அவர்களுக்குத் தெரியும். வருடத்துக்கு ஐந்நூறு தடவை அப்படிக் கேள்வி வந்தால், நம் கடையில் ஏதோ நடக்கிறது என்று மனது உறுத்த வேண்டாமா?

அது போக, 2003-இலிருந்து ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஒரு திருத்தம் சேர்க்கிறார்கள். டியார்ட் திருத்தம் என்பார்கள். எந்தக் கடையிலிருந்து எத்தனை என்ற தடத் தகவல் பொதுமக்கள் பார்வைக்கு வருவதை அது தடுக்கிறது. அதனால் இப்போது எந்தக் கடை முதல் இடத்தில் இருக்கிறது என்று நம்மால் சுலபமாகத் தெரிந்துகொள்ள முடியாது.

சபா எழுதியது:

சட்டப் பக்கம் கொஞ்சம் எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரிமினல் வழக்கு ஒன்று, நஷ்டஈட்டு வழக்கு ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிரிமினல் வழக்கில் கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். அதுதான் கஷ்டம். நெஞ்சுக்குள் இருப்பதை எப்படிக் காட்டுவது? அதனால்தான் ரகசியமாக ஆள் அனுப்புகிறார்கள். இரண்டு பேர் உள்ளே போவார்கள். ஒருவர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து, காசு எண்ணி, 'என் பேரில் வாங்க முடியாது' என்று வாய்விட்டே சொல்வார். இன்னொருவர் படிவம் நிரப்புவார். அதற்குப் பிறகும் விற்றால், அதுவே ஆதாரம்.

பீனிக்ஸில் நடந்த இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். மெக்சிகோ கும்பலின் பினாமிகளுக்கு நூற்றுக்கணக்கில் விற்றதாக ஒரு கடைக்காரர் மேல் மாநில அரசு வழக்குப் போட்டது. 2009 மார்ச்சில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். துப்பாக்கிகள் கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் சட்டப்படி வைத்திருக்கக் கூடாதவர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே படிவத்தில் சொன்ன பொய் வழக்குக்குப் போதாது என்ற வகையில் அவர் காரணம் சொன்னார்.

மத்திய சட்டத்தில் அந்த ஓட்டையை உச்ச நீதிமன்றம் 2014-இல் அடைத்தது. அப்ராம்ஸ்கி வழக்கு. வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், போலீஸ் தள்ளுபடி கிடைக்கும் என்று பென்சில்வேனியாவில் இருந்த மாமாவுக்காக ஒரு க்ளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா 400 டாலருக்குச் செக் அனுப்பியிருந்தார். மாமாவுக்கும் துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. அப்படி இருந்தும் 'நான்தான் வாங்குகிறேன்' என்று எழுதியது குற்றம்தான் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ககன், எதிர்த்து எழுதியவர் ஸ்காலியா. மேசைக்கு எதிரே நிற்கும் ஆள் யார் என்று தெரியாவிட்டால் இந்தச் சட்டம் முழுவதுமே வீண் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

2022 ஜூன் வரை பினாமியாக வாங்குவதற்கென்று தனிச் சட்டப் பிரிவே கிடையாது. படிவத்தில் பொய் எழுதிய குற்றமாகத்தான் பதிவு செய்வார்கள். பல வழக்குகள் சின்னத் தண்டனையோடு முடிந்துவிடும். அந்த மாதம் வந்த புதிய சட்டம் இதைத் தனிக் குற்றமாக்கி 15 வருடம் வரை சிறை என்றது. பயங்கரவாதம், போதைக் கடத்தல் போன்றவற்றுக்கு என்று தெரிந்து வாங்கிக் கொடுத்தால் 25 வருடம் வரை.

நஷ்டஈட்டுப் பக்கம்: 2005-இல் வந்த பிஎல்சிஏஏ என்ற சட்டம் துப்பாக்கி தயாரிப்பவர், விற்பவர் மேல் யாரும் சுலபமாக வழக்குப் போட முடியாமல் அரண் கட்டியது. அதில் சில வாசல்கள் உண்டு. விற்பனைச் சட்டத்தைத் தெரிந்தே மீறியிருந்தால் வழக்குப் போடலாம். ஆபத்து வரும் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ ஒருவர் கையில் கொடுத்தாலும் போடலாம். மீனா சொன்ன மில்வாக்கி வழக்கு போனது இந்த வழியில்தான்.

2025 ஜூனில் மெக்சிகோ அரசு போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியதும் இதே சட்டத்தை வைத்துத்தான். அது துப்பாக்கிக் கம்பெனிகள் மேல் போட்ட வழக்கு. எந்தக் கடை, எந்த விற்பனை என்று குறிப்பிட்டுக் காட்டவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். மில்வாக்கியில் ஒரு நாள், ஒரு படிவம், ஒரு கேமராப் பதிவு என்று கையில் இருந்தது. அங்கேதான் வித்தியாசம்.

தேன்கனிக்கோட்டை எழுதியது:

நன்றி சபா சார். தெரிந்திருந்தது என்று காட்டுவது கஷ்டம் என்றால், தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பவர் தப்பித்துவிடுவாரே?

மீனா மில்வாக்கி எழுதியது:

தெரியாது என்று சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று.

கல்லூரிக் காலத்தில் உறவினர் ஒருவரின் பெட்ரோல் பங்கு கடையில் இரவு நேரம் கல்லாவில் நின்றிருக்கிறேன். பீர் வாங்க இங்கே 21 வயது. வெள்ளிக்கிழமை இரவு. கண்ணாடி வழியாக வண்டி நிறுத்துமிடம் முழுவதும் தெரியும். ஒரு காரிலிருந்து நான்கு பையன்கள் இறங்கி, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவரிடம் பேசினார்கள். கசங்கிய நோட்டுகள் கை மாறின. பெரியவர் உள்ளே வந்தார், இரண்டு பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார், அடையாள அட்டையைக் காட்டினார். எல்லாம் சரி. கல்லா இயந்திரமும் 'சரி' என்று காட்டியது. வெளியே நான்கு முகமும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு அப்போது 22 வயது. மணிக்குச் சம்பளம். யாரும் எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. ஆனாலும் யாருக்காக வாங்குகிறார் என்று எனக்குப் புரிந்தது. 'கொடுக்க முடியாது சார்' என்றேன். அவர் கத்தினார். நான் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். கை நடுங்கியது, ஆனால் அது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை.

பீருக்கே இது புரியும் என்றால், துப்பாக்கி விற்பதையே தொழிலாக வைத்து, அதற்கென்று மத்திய அரசு உரிமம் வாங்கிய ஒருவருக்குப் புரியாமல் போகுமா? உரிமத்தைக் கொடுத்ததே, பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே.

பாலைவனத்தான் எழுதியது:

மீனா, நியாயம். நான் வாங்கிய கடையில் பார்த்தது ஞாபகம் வந்தது. ஒரு பெண் வந்தார். கூட வந்தவர் பின்னாலிருந்து 'அது இல்லை, இது' என்று மாற்றிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் துப்பாக்கியைத் துணி மேல் வைத்து, அந்தப் பெண்ணிடம், 'இதில் குண்டுப் பெட்டியை எப்படிக் கழற்றுவது என்று காட்டுகிறேன், நீங்கள் ஒரு தடவை செய்யுங்கள்' என்றார். அவர் தொடவே இல்லை, திரும்பிக் கூட வந்தவரைப் பார்த்தார். கடைக்காரர் துணியோடு சேர்த்துச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார். 'இன்னிக்கு வேண்டாம்மா' என்கிற தொனியில் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். விற்பனை போனது பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

மனைவிக்குத் துணையாகக் கணவர் வருவதும் சகஜம்தான். அதனால் பார்த்ததும் முடிவு கட்ட முடியாது, பேசிப் பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் பேசிப் பார்ப்பார். அதைச் செய்யாதவருக்காக இனி நான் வாதாடவில்லை.

நெல்லைப் பொடியன் எழுதியது:

நம் நாட்டில் இது எப்படி?

சபா எழுதியது:

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம். அமெரிக்காவில் கடைக்குப் போய்ப் படிவம் நிரப்புவது போல இல்லை. முதலில் உரிமம் வாங்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, எந்த வகை ஆயுதம் என்பது உரிமத்திலேயே இருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. கள்ளத் துப்பாக்கிப் பிரச்சினை அங்கே வேறு வழியில் வருகிறது. அது தனி இழைக்கு உரிய விஷயம்.

கீழக்கரை எழுதியது:

ஐந்து நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஹெச்1பி விசாவில் இருக்கிறார். அவர் குடியிருக்கும் பகுதியில் இரண்டு வீட்டில் திருட்டு நடந்தது. மனைவி, சின்னக் குழந்தை. பயந்துபோய்த் துப்பாக்கி வாங்கலாம் என்று பார்த்தார். விசாவில் இருப்பதால் முடியாது என்றார்கள். உடன் வேலை செய்யும் குடியுரிமை உள்ள நண்பர் ஒருவர், 'நான் வாங்கித் தருகிறேன், காசைக் கொடு' என்றார். இவர் 550 டாலர் அனுப்பினார். நண்பர் போன வாரம் வாங்கிவிட்டார். இன்னும் இவர் கைக்கு வரவில்லை. திருட்டுக்குப் பயந்து செய்ததுதான், வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இதுவும் நீங்கள் சொல்லும் கணக்கில் வருமா? அன்பளிப்பாகக் கொடுத்தால் தப்பில்லை என்று எங்கோ படித்தேன்.

சபா எழுதியது:

தம்பி, வரும். நேராகவே சொல்கிறேன்.

அன்பளிப்பு என்றால் வாங்குபவர் தன் காசில், தன் விருப்பத்தில் வாங்கி, வைத்திருக்கத் தகுதி உள்ள ஒருவருக்குக் கொடுப்பது. அப்பா மகனுக்கு வாங்கித் தருவது போல. இங்கே காசு முன்கூட்டியே கை மாறியிருக்கிறது. அது அன்பளிப்பு இல்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகவே தடை உண்டு. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன, அதை நம்பி நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

துப்பாக்கி அவர் கைக்கு வந்தால் அவர் மேலும் தனிக் குற்றம். துப்பாக்கி வழக்கில் தண்டனை ஆனால் நாட்டை விட்டே அனுப்ப முடியும், கிரீன் கார்டு இருந்தாலும் கூட. நண்பரைப் பொறுத்தவரை, படிவத்தில் 'நான்தான் வாங்குகிறேன்' என்று கையெழுத்துப் போட்ட நிமிடமே அவர் சிக்கலில் இருக்கிறார். கை மாறாமல் இருப்பது மட்டும்தான் இப்போது நல்ல செய்தி.

அதனால் துப்பாக்கி நண்பரின் வீட்டிலேயே இருக்கட்டும். இவர் அதைத் தொடவோ, தன் காரில் வைக்கவோ கூடாது. இரண்டு பேரும் தனித்தனியாக வக்கீலைப் பார்க்க வேண்டும், ஒரே வக்கீலிடம் போகக் கூடாது. விசாவில் இருப்பவர் குடியேற்றச் சட்டமும் தெரிந்தவராகப் பார்க்கட்டும். பணத்தைத் திருப்பி அனுப்புவது, செய்திகளை அழிப்பது எதுவும் வக்கீலைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இங்கே இதற்கு மேல் விவரம் எழுதாதீர்கள்.

கீழக்கரை எழுதியது:

சரிங்க அண்ணா. இன்று இரவே அவரிடம் பேசுகிறேன். நாளை அவர் அங்கே போய் வாங்கி வருவதாக இருந்தார்.